அம்மிச்சியின் பலகைக்குக் கரி பூசிய கதை

ஊமத்தை இலையை வெறுங்கையால் அரைக்காதீர்கள். அரைத்துவிட்டால், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். ஒரு பழைய கரும்பலகையைச் சரிசெய்து, தழையும் கரியும் அரைத்துப் பூசிய இந்த வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றில் அவசரமானது இதுதான், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பலகை எங்கள் அம்மிச்சியுடையது. அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் அவர் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. டீச்சரம்மா என்றால் போதும், பஸ் கண்டக்டர்கூடச் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். 1962இல் செகண்டரி கிரேடு ஆசிரியையாக ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தார். 2001இல், 58 வயது முடிந்து, ஓய்வு பெற்றார். முப்பத்தொன்பது வருடத்தில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். தலைமையாசிரியை ஆன பிறகும் ஒன்றாம் வகுப்பை மட்டும் யாருக்கும் விட்டுத் தரவில்லை. போன ஆனி மாதம் காலமானார்.

வருசத் திதிக்குள் வீட்டை ஒழுங்கு செய்யலாம் என்று தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பக்கத்து அறையில் பருத்திக்கொட்டை, தவிட்டு மூட்டைகள். அவற்றை எலி அண்டாமல் இருக்க ஒரு பெரிய பலகையைக் குறுக்கே சாய்த்து வைத்திருந்தார்கள். நாலடி அகலம், மூன்றடி உயரம். ஒரு பக்கம் சாணியும் தவிடும் அப்பியிருந்தது. திருப்பினால் மறுபக்கம் சாம்பல் பூத்த கறுப்பு. "மாமா, இது அம்மிச்சி போர்டுங்களா?" என்று கேட்டேன். மாமா நின்று பார்த்துவிட்டு, "அதேதான் கண்ணு. ஸ்டேண்டு அட்டாலியில கெடக்கும் பாரு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பருத்திக்கொட்டைக்குத் தடுப்பாக வைத்ததும் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

பலகையின் வரலாறு அம்மா சொல்லித் தெரிந்தது. அம்மிச்சி முதலில் வேலைக்குப் போன ஊரில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை ஒன்றே ஒன்று. அதையும் பெரிய வகுப்பு எடுத்த வாத்தியார் வைத்துக்கொள்வார். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார் அம்மிச்சி. 1964இல் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நின்ற வேப்பமரம் காற்றில் சாய்ந்தபோது, அதை அறுத்துப் பலகை போடச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்துவிட்டார். அம்மாவின் அப்பாவான அப்பிச்சிக்கு அந்த மரத்தில் நிலைக்கதவு செய்ய ஆசை இருந்ததாம். கதவு வரவில்லை, பலகை வந்தது. மாறுதல் வந்த ஒவ்வோர் ஊருக்கும் அது மாட்டு வண்டியில் அவரோடு போனது. 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்து, அதன்பின் பள்ளிச் சுவரிலேயே பலகை அமைந்த பிறகுதான் வீடு திரும்பியது. அப்புறம் திண்ணையில் சாயங்காலப் பாடத்துக்கு நின்றது. நானும் அதில்தான் 'அ' போட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். வேலையைத் தப்பாகத்தான் ஆரம்பித்தேன்.

நான்கு வேப்பம் பலகைகளைப் படுக்கை வாட்டில் சேர்த்து, பின்னால் மூன்று குறுக்குச் சட்டம் அடித்திருந்தார்கள். நடுவில் இரண்டு இணைப்பு விட்டுப்போய், ஒன்றில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஆணிகள் துருப்பிடித்துத் தலை உதிர்ந்து கிடந்தன. மரம் மட்டும் திடமாக இருந்தது. வேம்பு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளுமே ஒழிய, பூச்சி அண்டாது. அறுபது வருடத்தில் ஒரு கறையான் அரிப்புகூட இல்லை.

கறுப்புப் பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவோம் என்று நினைத்து, திருப்பூரில் தெரிந்தவர் ஒருவரிடம் சாண்டர் மிஷின் இரவல் வாங்கிப் போயிருந்தேன். அறுபதாம் நம்பர் உப்புத்தாள் மாட்டி, வாசலில் பலகையைப் படுக்கப் போட்டு, இடது ஓரத்திலிருந்து ஓட்டினேன். என்ன சுகம்! இருபது நிமிடத்தில் பாதிப் பலகை பொன் நிறத்துக்கு வந்துவிட்டது. அங்கங்கே நீளக் கீறல்கள் இருந்தன. மூட்டை உரசிய தழும்பு போலிருக்கிறது என்று அவற்றையும் சேர்த்து அழுத்தித் தேய்த்தேன்.

டீ கொண்டுவந்த மாமா டம்ளரை வைக்காமலே நின்றார்.

"ஏங்கண்ணு, கோட்டையுமா தேச்சுப் போட்டே?"

"எந்தக் கோடுங் மாமா?"

"உங்கம்மிச்சி போட்ட கோடு."

சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தபோது, தேய்க்காத வலது பாதியில் பார்த்தேன். கீறல்கள் இல்லை அவை. கவராய முள்ளாலோ ஆணியாலோ, மட்டப்பலகை வைத்து இழுத்த கோடுகள். இரட்டை இரட்டையாக, பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியிருக்க வேண்டியவை. பாதியில் நின்றன. மீதிப் பாதி என் காலடியில் தூளாகக் கிடந்தது. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

பழைய பொருளில் கை வைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: மிஷினை எடுக்கும் முன், இருட்டின பிறகு ஒரு டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். இரண்டு நிமிட வேலை. நான் அதை மறுநாள் ராத்திரிதான் செய்தேன்.

அழிந்தது போக மிச்சம் இருந்த பாதியையாவது பிடித்து வைக்க வேண்டுமே. செய்தித்தாள் அச்சடிக்கும் வெற்றுத்தாள் நான்கை ஒட்டி வலது பாதியின் மேல் பரப்பி, ஓரங்களில் டேப் போட்டேன். அடுப்புக்கரித் துண்டைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்க்க, தாள் முழுக்கக் கறுப்பு ஏற, கோடு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக விட்டு வந்தது. கல்வெட்டுக்குப் படி எடுப்பது போலத்தான், மைக்குப் பதில் கரி. இதைச் செய்யும்போது அறச்சலூர் நாகமலைக் கல்வெட்டு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறார் அம்மிச்சி. தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்தில் இசை எழுத்துகள், ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து, குறுக்கே படித்தாலும் நெடுக்கே படித்தாலும் ஒன்றுபோல வரும். "கட்டம் போட்ட நோட்டு அப்பவே இருந்திருக்குது பாரு" என்று அவர் சொன்னது அன்று எனக்கு ஜோக்காகக்கூடப் படவில்லை. மலை ஏறின கால்வலியும், இறங்கி வந்து குடித்த கலரும்தான் நினைவிருக்கிறது.

தாளைச் சுவரில் ஒட்டி அளந்தேன். அங்கேதான் குழப்பம். மேலே முதல் ஜோடிக் கோட்டுக்கு நடுவே இரண்டு அங்குலம். அடுத்ததும் இரண்டு. மூன்றாவது இரண்டரை. கீழே வர வர அகலமாகிக்கொண்டே போய், கடைசி ஜோடி மூன்றரை அங்குலம். மரம் வீங்கியோ சுருங்கியோ இவ்வளவு மாறாது. அளவு தவறிப் போட்டிருப்பார் என்றும் நம்ப முடியவில்லை. பால் கணக்கு நோட்டுக்கே ஸ்கேல் வைத்து மார்ஜின் போடுகிறவர் அவர்.

விடை அட்டாலியில், அதாவது பரணில், கிடந்த ஸ்டேண்டில் இருந்தது. இரண்டு முன்கால், ஒரு பின்கால், முன்கால்களில் முளை செருக மூன்று உயரத்தில் துளைகள். மேல் துளைகள் இரண்டும் துளைத்த அன்று இருந்த மாதிரியே வட்டமாக இருந்தன. கீழ்த் துளை மட்டும் தேய்ந்து கோழிமுட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி. முளையைச் செருகிப் பலகையை ஏற்றினால், அதன் மேல் விளிம்பு என் மார்புக்குத்தான் வருகிறது. பெரியவர்கள் கீழே எழுத வேண்டுமானால் குனிய வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையனைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்தேன். அவன் கை சும்மா நீட்டினால் போய் நிற்கிற இடம், அந்த அகலக் கோடுகள் ஆரம்பிக்கிற இடம்.

மேலே உள்ள நெருக்கக் கோடு டீச்சருக்கு, கீழே உள்ள அகலக் கோடு பிள்ளைக்கு. ஐந்து வயதுக் கை எழுதுகிற எழுத்து பெரிதாகத்தான் வரும், முழங்கையிலிருந்து வரும். அதை இரண்டு அங்குலத்துக்குள் அடக்கச் சொன்னால் சாக்பீஸ் உடையும், பிள்ளை அழும். இந்தக் காரணத்தை அம்மிச்சி யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "அதையெல்லாம் எதுக்குச் சொல்றாங்க? கோடு போட்டாங்க, நாங்க எழுதுனோம்" என்றார். நாற்பது வயதை நெருங்குகிற நான் இதை ஓர் ஓட்டைத் துளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வகுப்பில் யாரும் சொல்லாமலே முளையை மாற்றிப் போடுவாராம், கண்காணிப்புக்கு ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நடுத் துளைக்கு. ஆய்வாளர் குனிய வேண்டாமே என்று.

சரி, மரவேலை. இடைவெளியை அடைக்க மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்துப் பட்டி பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில், மாசி வெயில் ஏறியதும், அதே இடத்தில் முடி போல வெடிப்பு. ஊரில் வேலையை விட்டுவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார், பலகையைச் செய்தவரின் மகன். அவரிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் மூச்சு விடுமுங்க அம்மிணி. நீங்க வாயைப் பொத்திட்டீங்க" என்றார்.

அவர் சொன்ன வழி இது. பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே வேம்பில் மெல்லிய சிம்பு ஒன்றை இழைத்து இடைவெளிக்குள் வைக்க வேண்டும். பசையைச் சிம்பின் ஒரு பக்கம் மட்டும்தான் தடவ வேண்டும். மறுபக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும். வெயில் காலத்தில் பலகை சுருங்கினாலும் மழையில் ஊதினாலும் அந்தப் பக்கம் நகர்ந்து கொடுக்கும். பின்னால் குறுக்குச் சட்டத்தில் ஆணியை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட்டோம். சட்டத்தில் போடும் துளையை நீளவாக்கில் கொஞ்சம் இழுத்து விட்டு, வாஷர் வைத்து, கடைசித் திருகை அழுத்தாமல் விடச் சொன்னார். குறுக்குச் சட்டம் பலகைகளைச் சமமாகப் பிடிக்கத்தான், கட்டிப்போட இல்லை. பங்குனி, சித்திரை தாண்டியும் புதிதாக வெடிப்பு வரவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு 'அ' சொல்லித் தந்ததும் டீச்சரம்மாதானாம். கூடவே, "அப்பனுக்கு அந்தக் கோட்டைப் போட விடலீங்க. நானே போட்டுக்கறேன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்ற தகவலையும் தந்தார்.

அழிந்த பாதிக்குக் கோடு போடுவதுதான் எனக்குக் கை நடுங்கிய வேலை. மர ரேகை ஓடும் திசையிலேயே கோடும் ஓடுவதால், கூர்முனையை அழுத்தினால் ரேகை இழுக்கும் பக்கம் முனை வழுக்கிப் போய்விடும். கழிவுப் பலகையில் நாலைந்து தடவை கெடுத்த பிறகு பிடிபட்டது. படியெடுத்த தாளிலிருந்து அளவைப் பென்சிலால் குறித்து, இரும்பு ஸ்கேலைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கட்டர் பிளேடால் முதலில் எடையே இல்லாமல் ஓர் இழுப்பு. அந்தத் தடத்தில் இன்னும் இரண்டு இழுப்பு. அதன்பின் பழைய கவராயத்தின் முள்ளை அந்தப் பள்ளத்தில் ஓட்டினால் வழி மாறாமல் போகும். வலது பாதியில் இருந்த அம்மிச்சியின் கோட்டோடு என் கோடு சேரும் இடம் இரண்டு ஜோடியில் பிசிறு தட்டியிருக்கிறது. அதைத் திருத்தப் போனால் அவர் கோட்டையும் தொட வேண்டும். விட்டுவிட்டேன்.

அடுத்தது கறுப்பு. கடையில் பிளாக்போர்டு பெயிண்ட் டப்பாவில் கிடைக்கிறது, நல்ல சரக்குதான். சொரசொரப்புக்காக நுண்ணிய கல்தூள் கலந்த மங்கல் பூச்சு. சுவர்ப் பலகைக்கு அதைவிட வேறு வேண்டாம். ஆனால் கழிவுப் பலகையில் கோடு கீறி அதன்மேல் இரண்டு கை அடித்துப் பார்த்தபோது, பள்ளம் மேவிப்போய்க் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஓய்வு பெறும்வரை அம்மிச்சி பெயிண்டைச் சேர்க்காததற்குக் காரணம் சிக்கனம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காரணம் இதுவாகத்தான் படுகிறது.

அப்படியானால் பழைய முறைதான். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வேலிக்குப் போய்த் தழை பறித்து வர, கரியோடு சேர்த்து அரைத்துப் பலகைக்குப் பூசுவது. அம்மா படித்த காலத்தில் ஆளுக்கொரு கரித்துண்டு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். 1982இல் சத்துணவு வந்தபின், எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த அடுப்பிலேயே கரி கிடைத்ததாம்.

தழை என்றால் கோவைக்கொடியின் தழை, ஊமத்தை இலை இரண்டும். இரண்டையும் பறித்து வந்து ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தேன். வேர்வை வழிந்தது, இடது கண்ணைப் புறங்கையால் துடைத்தேன். சாயங்காலம் ஆனபோது அந்தக் கண்ணில் எழுத்து மங்கியது, டியூப்லைட் வெளிச்சம் குத்தியது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண்மணி வலதைப் போல இரண்டு மடங்கு விரிந்து கிடக்கிறது. பயந்துபோய் மறுநாள் காலை கண் டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்த உடனே கேட்டது, "ஏதாவது செடி கொடியில கை வெச்சீங்களா?" ஊமத்தை என்றதும் சிரித்துவிட்டார். கண் பரிசோதனைக்கு முன்னால் கண்மணியை விரியவைக்கச் சொட்டுவிடுகிறார்களே, அட்ரோபின் வகை மருந்து, அந்தச் சரக்கு ஊமத்தையில் இயற்கையாகவே இருக்கிறது. வண்டி ஓட்டாதீர்கள், கறுப்புக் கண்ணாடி போடுங்கள், தானாகச் சரியாகும் என்றார். மூன்று நாளில் சரியானது. வாய்க்குள் போயிருந்தால் கதை வேறு. ஊமத்தை விஷச் செடி என்பதில் சந்தேகமே வேண்டாம். அரைத்த ஆட்டுக்கல்லை அத்தை ஒரு வாரம் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அதுவும் என் காது கேட்கத் திட்டிக்கொண்டே.

அம்மா போனில் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்களைக் கோவைத் தழைக்குத்தான் அனுப்புவாங்க. ஊமத்தையை அம்மாதான் பறிப்பாங்க. எங்களைத் தொடவே விடமாட்டாங்க." முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

கோவை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று மறுபடி ஆரம்பித்தேன். கரிக்குத் தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, சுட்டு எடுத்துக்கொண்டேன். விறகுக் கரியைவிட நைசாக அரைபடுகிறது. முற்றிலும் ஆறின பிறகு இடித்து, வேட்டித் துணியில் சலித்து, இரண்டு கை நிறைய. மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கோவைத் தழையை மிக்சியில் அடித்துப் பிழிந்ததில் ஒரு டம்ளர் சாறு, கொழகொழப்பாக. அந்தக் கொழகொழப்புதான் கரியைப் பிடித்து வைக்கிறது. கழிவுப் பலகையில் மூன்று கட்டம் போட்டுச் சோதித்தேன். வடிகஞ்சி ஒரு கரண்டி கலந்த கட்டம் பளபளவென்று வந்தது, ஆனால் சாக்பீஸ் வழுக்கியது, எழுத்து விழவில்லை. தண்ணீர் அதிகம் விட்ட கட்டம் தொட்டால் கையோடு வந்தது. சாறு மட்டும் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்தது நின்றது. இழைத்த மரம் ரொம்ப வழவழப்பாக இருந்தாலும் பிடிக்காது. 120ஆம் நம்பர் உப்புத்தாளைக் கையால் ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும், 220க்குப் போக வேண்டாம்.

பழைய பனியனைப் பந்தாகச் சுருட்டி, கலவையில் ஒற்றி, முதல் கை ரேகை வாட்டில், காய்ந்ததும் இரண்டாம் கை குறுக்கு வாட்டில், மூன்றாம் கை மறுபடி ரேகை வாட்டில். நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் சாறு சீக்கிரம் இறுகிக் கரி உதிர்கிறது. முதல் கை பச்சையும் கறுப்புமாக அசிங்கமாக இருக்கும், மனம் தளர வேண்டாம். மூன்றாவது கை காய்ந்ததும் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து, உதிர்வதை உதிரவிட்டால், மீதி நிற்கும். ஒரே ஒரு குறை, இது பெயிண்ட் அல்ல. ஈரத்துணி பட்டால் கரையும். வாரம் ஒரு முறை பூசினார்கள் என்றால் சும்மா பூசவில்லை.

பூசி முடித்த பலகையில் கோடுகளே இல்லை. கறுப்போடு கறுப்பாகப் போய்விட்டன. அப்புறம் அடுத்த வேலை ஞாபகம் வந்தது. புதிதாகப் பூசிய பலகையில் எடுத்ததும் எழுதக் கூடாது, எழுதினால் அந்த முதல் எழுத்து எத்தனை அழித்தாலும் ஆவி மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும். சாக்பீஸைப் படுக்க வைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, டஸ்டரால் துடைத்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். ஒரு சாக்பீஸ் முழுசாகத் தீர்ந்தது. டஸ்டரை மேலிருந்து கீழே இழுத்தேன். பலகை கறுப்பாக, பள்ளத்துக்குள் மட்டும் சுண்ணத்தூள் தங்கி, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் வெளியே வந்தன. வலது பாதியில் அவருடையவை, இடது பாதியில் என்னுடையவை. துடைக்கத் துடைக்கத் தெளிந்தன. அதாவது அழிக்க அழிக்கக் கோடு தெரிகிற பலகை. பெயிண்டால் வரைந்த கோடு அழிக்க அழிக்க மங்கும், இது நேர்மாறு. இந்தச் சூழ்ச்சியை அவராகக் கண்டுபிடித்தாரா, பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்ததா, கேட்க ஆள் இல்லை.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மிச்சியின் பெட்டியில் இருந்த நோட்டுகளில், 'லை', 'ணை', 'னை', 'ளை' எல்லாம் பழைய பாணியில், முன்னால் யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ஈரோட்டுக்காரரான பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள்தான், பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அப்போது அம்மிச்சிக்கு 35 வயது, கை நன்றாக இறுகிவிட்டிருக்கும். பலகையில் அன்றிலிருந்து புது எழுத்துதான், ஒருமுறைகூடத் தவறியதில்லை என்கிறார் அம்மா. மளிகைச் சீட்டிலும் கடிதத்திலும் கடைசிவரை பழைய எழுத்தே. எனக்கு ஹாஸ்டலுக்கு எழுதிய கடிதத்தில் 'கவலை' என்ற சொல்லைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரி என்ன எழுத்து இது என்று கேட்டிருக்கிறாள்.

ஸ்டேண்டுக்கு அதிகம் செய்யவில்லை. தேய்ந்த கீழ்த் துளையை அடைத்துப் புதிதாகத் துளைக்கலாம் என்றார் பெரியவர். வேண்டாம் என்று, முளையை மட்டும் கொஞ்சம் பருமனாகச் சீவி வாங்கிக்கொண்டேன். பின்காலின் கீல் மாற்றினேன். மொத்தச் செலவு ஸ்க்ரூ, வாஷர், கீல், உப்புத்தாள், சாக்பீஸ் எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குள். கண் டாக்டர் பீஸ் தனி.

திதிக்கு முந்தின நாள் பலகையை வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில், கீழ்த் துளையில் முளை போட்டு, நிறுத்தினோம். வந்த உறவுக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். எழுதச் சொன்னால் யாரும் சாக்பீஸை வாங்கவில்லை. எழுத்து கோணிவிடும் என்று ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள், ஐம்பது வயது ஆண்கள் உட்பட. திதி முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள், பலகை வெறுமையாகவே நின்றது.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அதில் ஒரு வரி இருந்தது. பால்காரருக்காக அத்தை எழுதியது: "நாளைக்குப் பால் வேண்டாம்." அத்தை பள்ளிக்கூடம் போனது 1978க்கு முன்னால். 'ளை'க்குத் துதிக்கை வைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் அதன் முன்னால் நின்று, விரலால் அந்தச் சுழியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தான். கோட்டுக்கு நடுவில்தான் எழுதியிருந்தார், ஆனால் கீழே உள்ள அகலக் கோட்டில். "மேல எழுதலாமில்லங் அத்தை, எதுக்குக் குனிஞ்சீங்க?" என்று கேட்டேன். "எம் பக்கம் அதுதான கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பால் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.